தூங்காத கொலைகாரர்கள் என்னும் கட்டுக்கதை

தமிழ் சினிமா பார்க்கிற யாருக்கும் இந்தக் காட்சி மனப்பாடம். சொத்துக்காக அண்ணனைத் தீர்த்துக்கட்டிய தம்பி நள்ளிரவில் அலறிக்கொண்டு கட்டிலில் எழுந்து உட்காருவார். நெற்றியெல்லாம் வியர்வை. பக்கத்தில் இருக்கும் சொம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடிப்பார். கொஞ்சம் பழைய படம் என்றால் நிலைக்கண்ணாடியில் இருந்து அவரைப் போலவே உடை அணிந்த மனசாட்சி இறங்கி வந்து கைகொட்டிச் சிரிக்கும். கொட்டகையில் இருப்பவர்களுக்கு அதில் ஒரு திருப்தி. "படட்டும், நல்லா படட்டும்" என்று பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தாலும் ஆச்சரியமில்லை.

இந்தத் திருப்தியின் மேல்தான் வழக்கு.

குற்றம் செய்தவனுக்குத் தூக்கம் வராது என்பது கதை சொல்பவர்களின் மிகப் பழைய நம்பிக்கைகளில் ஒன்று. பாட்டி சொல்லும் கதையிலும் இருக்கிறது, பட்டிமன்றத்திலும் இருக்கிறது, ஆங்கில இலக்கிய மாணவர்கள் தேர்வுக்கு முந்தின நாள் புரட்டுகிற கைடு புத்தகத்திலும் இருக்கிறது. 'தூக்கமின்மை குற்ற உணர்வின் குறியீடு' என்று எழுதினால் ஐந்து மதிப்பெண் நிச்சயம்! ஆனால் இந்த நம்பிக்கை பொய். வெறும் பொய்யாக இருந்தால்கூடப் பரவாயில்லை, இறந்தவன் வீட்டை விட்டுவிட்டுக் கொன்றவன் படுக்கையறைக்கு வாசகனை இழுத்துப் போகிற பொய். இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், இதற்குச் சாட்சியாகக் கூப்பிடப்படும் பெரிய நூல்கள் எதுவும் உண்மையில் இதைச் சொல்லவே இல்லை.

முதல் சாட்சி எப்போதுமே மாக்பெத். 1606 வாக்கில் ஷேக்ஸ்பியர் எழுதியது. விருந்தாளியாக வந்து தூங்கிக்கொண்டிருக்கும் அரசன் டங்கனை மாக்பெத் குத்திக் கொல்கிறான். இனி உனக்கு உறக்கமில்லை என்று ஒரு குரல் கேட்டதாகச் சொல்லி நடுங்குகிறான். பாதிப் பேர் நாடகத்தை இந்த இடத்தோடு மூடி வைத்துவிடுகிறார்கள் போலிருக்கிறது. மேலே படித்தால் கதை வேறு.

நான்காம் அங்கத்தில் சூனியக்காரிகள் எழுப்பும் உருவங்கள், மாக்டஃபிடம் எச்சரிக்கையாக இரு என்கின்றன. அடுத்த நிமிடமே, பெண் வயிற்றில் பிறந்த எவனாலும் உனக்குத் தீங்கில்லை என்றும் சொல்கின்றன. அப்படியானால் மாக்டஃபை விட்டுவிடலாமே? மாக்பெத் விடுவதாயில்லை. இடி இடித்தாலும் நிம்மதியாகத் தூங்க வேண்டும், அதற்காகவாவது அவன் சாகட்டும் என்கிறான். மாக்டஃப் அதற்குள் இங்கிலாந்துக்குப் போய்விட்டான். ஆள் கிடைக்காததால் அவன் மனைவியும் குழந்தைகளும் வெட்டப்படுகிறார்கள். ஒரு குடும்பமே மாக்பெத்துக்குத் தூக்க மாத்திரை!

இதற்குப் பெயர் குற்ற உணர்வா? தூக்கம் வராத மாக்பெத் செத்தவர்களுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. பதவி போய்விடுமோ என்கிற பயம்தான் அவனை விழித்திருக்கச் செய்கிறது. அந்தத் தூக்கமின்மை அவனைத் திருத்தவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை, அடுத்த கொலைக்குத் தள்ளிவிட்டது. நாடகத்தில் தூக்கம் கெட்ட மற்றவர்களைப் பற்றிக் கைடு புத்தகங்கள் வாயே திறப்பதில்லை. கொலை நடக்கும் முன்பே பாங்க்வோவுக்கு அந்த இரவில் கண்ணை மூடப் பயம். அவன் யாரையும் கொல்லவில்லை. மூன்றாம் அங்கத்தின் கடைசிக் காட்சியில் பெயர்கூட இல்லாத ஒரு பிரபு, எங்கள் இரவுகளுக்கு மறுபடி தூக்கம் கிடைக்காதா என்று ஏங்குகிறார். ஸ்காட்லாந்தே தூங்காமல் கிடக்கிறது. ஆனால் படிப்பவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வது கொலைகாரன் ஒருவனின் கொட்டாவியை மட்டும்.

லேடி மாக்பெத் என்று எதிர்க்கேள்வி வரும். வரட்டும். அந்த அம்மாள் தூங்குகிறார்! தூக்கத்தில் நடக்கிறார், கையைக் கழுவுகிறார், பேசுகிறார், எல்லாம் தூக்கத்தில். அந்தக் காட்சியில் தூங்காமல் இருப்பவர்கள் வைத்தியரும் பணிப்பெண்ணும்தான், இரண்டு இரவாகக் காவல் இருக்கிறார்கள். (அவர்களுக்கு யாரும் குற்ற உணர்வுச் சான்றிதழ் தரவில்லை.) ஆனால் நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மாக்டஃபின் மனைவி என்ன ஆனாள் என்று இந்த நாடகத்தில் கொலைகாரத் தரப்பிலிருந்து கேட்கும் ஒரே குரல் அந்தத் தூக்கத்தில்தான் வருகிறது. உண்மையான குற்ற உணர்வு என்று ஒன்று நாடகத்தில் இருந்தால் அது அந்த ஒரு கேள்விதான். அது விழித்திருந்தவனிடமிருந்து வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த சாட்சி ரஸ்கோல்னிகவ். 1866ல் வெளிவந்த தஸ்தயேவ்ஸ்கியின் நாவல், எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பில் 'குற்றமும் தண்டனையும்' என்று தமிழிலும் கிடைக்கிறது. படிக்காதவர்கள்கூட, "கொலை பண்ணிட்டுத் தூக்கமில்லாம அலைவானே, அவன்தானே" என்பார்கள். கோடரியால் இரண்டு பெண்களைக் கொன்றுவிட்டு வீட்டுக்கு வந்து அவன் செய்வது என்ன? சோபாவில் விழுந்து தூங்குகிறான். நடுவில் விழித்துத் துணியில் ரத்தக்கறை தேடுகிறான், மறுபடி தூங்குகிறான். காலையில் வேலைக்காரி கதவை இடித்து எழுப்ப வேண்டியிருக்கிறது. பிறகு காய்ச்சல், பிதற்றல், நாள் கணக்கில் படுக்கை. பாதி நாவல் அவன் அந்த சோபாவில்தான் கிடக்கிறான். இந்தப் பக்கங்களில் அவனைப் பிடுங்கித் தின்பதும் மாட்டிக்கொள்வோமோ என்கிற பயம், தன் தத்துவத்துக்குத் தானே தகுதியில்லாமல் போனோமே என்கிற அவமானம். எட்டு வருடத் தண்டனையோடு சைபீரியாவுக்குப் போன பிறகும், தோற்றுப்போனதைத் தவிர தன் செயலில் வேறு குற்றம் இருப்பதாக அவனுக்கு நெடுநாள் தோன்றவில்லை என்று தஸ்தயேவ்ஸ்கி தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்.

செத்த இரண்டாவது பெண் லிஸவேத்தா. வட்டிக்காரக் கிழவியின் தங்கை. கொலை நடந்துகொண்டிருக்கும்போது தெரியாமல் உள்ளே வந்துவிட்டவள். ரஸ்கோல்னிகவின் சட்டையை ஒரு தடவை தைத்துக்கொடுத்தவளும் அவள்தான். அவளைப் பற்றித் தனக்கு நினைவே வருவதில்லையே என்று அவனே ஒரு இடத்தில் ஆச்சரியப்படுகிறான். நாவலாசிரியர் இதை மறைக்கவில்லை, கோடிட்டுக் காட்டுகிறார். வாசகர்கள்தான் லிஸவேத்தாவைத் தாண்டிக் குதித்து, பாவம் அந்தப் பையன் தூங்காமல் தவிக்கிறானே என்று உருகுகிறார்கள்.

எட்கர் ஆலன் போவின் கதையிலும் (1843, தரைப்பலகைக்கு அடியில் இதயம் துடிக்கும் கதை) இதே கூத்து. கொலைகாரன் உற்சாகமாக இருக்கிறான். போலீசாரை வரவேற்று, பிணத்துக்கு மேலேயே நாற்காலி போட்டு உட்காருகிறான். இருட்டில் ஏதோ சத்தம் கேட்டு, படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, ஒரு மணி நேரம் தூங்காமல் நடுங்குவது சாகப்போகிற கிழவர்.

நிற்க. தூங்காதவனைப் பற்றி மேற்கத்திய எழுத்தாளர்களிடம்தான் பாடம் கேட்க வேண்டும் என்பதில்லை. மகாபாரதத்தில் இதைவிடக் கூர்மையான ஓர் இரவு இருக்கிறது.

பாண்டவர்களிடம் தூது போய்த் திரும்பிய சஞ்சயன், சேதியை நாளைக்குச் சபையில் சொல்கிறேன் என்று போய்விடுகிறான். திருதராஷ்டிரனுக்குத் தூக்கம் வரவில்லை. விதுரனை வரவழைத்து, எரிகிறது, ஏதாவது சொல் என்கிறான். விதுரநீதி என்று தனிப் புத்தகமாக விற்பது அந்த இரவின் பேச்சுத்தான். எடுத்ததுமே விதுரன், யாருக்கெல்லாம் தூக்கம் வராது என்று ஒரு பட்டியல் தருகிறான். வலியவனிடம் மாட்டிக்கொண்ட எளியவன் அதில் இருக்கிறான். பொருளைப் பறிகொடுத்தவன் இருக்கிறான். திருடனும் இருக்கிறான். பறித்தவனும் பறிகொடுத்தவனும் ஒரே வரிசையில்! தூக்கம் வராததை வைத்து இவன் யார் என்று சொல்லிவிட முடியாது என்பதை விதுரன் அளவுக்குச் சுருக்கமாகச் சொன்னவர்கள் குறைவு. சொல்லிவிட்டு அரசனிடம், இதில் நீ எந்த ரகம், பிறர் பொருள் மேல் ஆசையா என்று மெதுவாகக் கேட்டும் விடுகிறான்.

இரவு முழுக்க நீதி கேட்ட திருதராஷ்டிரன் கடைசியில் சொல்லும் பதில்தான் முக்கியம். நீ சொல்வதெல்லாம் சரிதான், என் மனமும் பாண்டவர் பக்கம்தான் போகிறது, ஆனால் துரியோதனனைப் பார்த்ததும் திரும்பிவிடுகிறது என்கிறான். விடிந்தது. ஐந்து கிராமம்கூடக் கொடுக்கப்படவில்லை. பதினெட்டு நாள் யுத்தம் நடந்தது. அந்த ஓர் இரவுத் தூக்கமின்மையால் யாருக்கு என்ன லாபம்? அரசனுக்குத்தான். வருத்தப்பட்டாயிற்று, கண்விழித்தாயிற்று, கடமை முடிந்தது என்று அவன் சபைக்குப் போகலாம். இழந்தவர்கள் கைக்கு ஒரு பைசா வந்து சேராத அபராதம் அது.

இதன் பக்கத்தில் சிலப்பதிகாரத்துப் பாண்டியனை வைத்துப் பார்க்கலாம். சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது, தவறு தெரிந்தது, அரியணையிலிருந்து விழுந்து இறந்தான். புரண்டு படுக்க அவனுக்கு ஓர் இரவு கிடைக்கவில்லை. (உயிரை விடுவதுதான் தீர்வா என்றால் அது வேறு விவாதம். கோவலன் அதனால் பிழைக்கவும் இல்லை.) ஆனால் இளங்கோவடிகளின் கண் பாண்டியன் மேலேயே தங்கிவிடவில்லை. கதை கண்ணகியோடு தெருவில் இறங்கிப் போகிறது.

இந்த நாளைய படங்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகின்றன. 2004ல் வந்த 'தி மெஷினிஸ்ட்' இந்த வகையின் உச்சம் என்று கொண்டாடப்படுகிறது. கிறிஸ்டியன் பேல் சுமார் 28 கிலோ எடை குறைத்து எலும்பும் தோலுமாக நடித்தார், அந்த உழைப்பை யாரும் குறைசொல்ல முடியாது. கதை? ட்ரெவர் ரெஸ்னிக் என்னும் தொழிலாளி ஒரு வருடமாகத் தூங்கவில்லை. காரணம் கடைசியில் தெரிகிறது. ஒரு சிறுவன் மேல் காரை ஏற்றிவிட்டு நிற்காமல் ஓடியவன். போலீசில் ஒப்புக்கொள்கிறான், சிறை அறையில் படுக்கிறான், வெள்ளை வெளிச்சத்தில் தூங்கிப்போகிறான். கொட்டகையில் பெருமூச்சு.

அந்தச் சிறுவனின் தாய் எங்கே? படம் முழுக்க இருக்கிறாள்! ரெஸ்னிக் தினமும் போகும் விமான நிலைய உணவகத்தில் அவனுக்குக் காப்பி ஊற்றிக்கொடுத்து, அன்பாகப் பேசி, மகனோடு வெளியே கூட்டிப்போகச் சம்மதிக்கும் பணிப்பெண்ணாக. விபத்தின்போது சில நொடி பார்த்த தாயின் முகத்தை எடுத்து அவன் மனம் செய்துகொண்ட கற்பனை அது. மகனைக் கொன்றவனுக்கு, செத்தவனின் தாய் பரிமாறுகிறாள். நிஜத் தாய்க்குப் படத்தில் வசனம் கிடையாது. அவள் அந்த ஒரு வருடம் தூங்கினாளா என்று படமும் கேட்கவில்லை, படத்தைப் பாராட்டியவர்களும் கேட்கவில்லை. தூக்கம் என்பது அவனுடைய பிரச்சினை, ஒப்புதல் வாக்குமூலம் அவனுடைய மருந்து, முடிவு அவனுடைய நிம்மதி. அந்தத் தாய் அவனுடைய வைத்தியத்துக்கு ஒரு துணைப்பொருள்.

இலக்கியம் என்ன போலீஸ் ஸ்டேஷனா, மனிதனின் உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டுவதுதானே அதன் வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உள்ளே நடப்பதைக் காட்டட்டும். ஆனால் உள்ளே நடப்பதைத்தான் காட்டுகிறதா என்பதே சந்தேகம். கொன்றவன் உள்ளே துடிக்க வேண்டும் என்று பார்ப்பவர்கள் ஆசைப்படுகிறார்கள், அந்த ஆசைக்கு வேஷம் கட்டிக் காட்டுகிறது. அந்த ஆசை எவ்வளவு பெரியது என்பதற்கு நிஜ வாழ்க்கையிலிருந்தே ஓர் உதாரணம் உண்டு.

1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் குண்டு விழும் முன், அந்த வானத்தில் ஒரு அமெரிக்க விமானம் வானிலை பார்த்துவிட்டுப் போனது. அதன் விமானி கிளாட் ஈதர்லி. வானம் தெளிவு என்று தகவல் அனுப்பியது அவர் விமானம். குண்டு போட்டது வேறு விமானம், அதை ஓட்டியவர் பால் டிபெட்ஸ். போருக்குப் பிறகு ஈதர்லி சில்லறைத் திருட்டு, மோசடி வழக்குகளில் மாட்டினார், மனநல மருத்துவமனைகளில் இருந்தார். பத்திரிகைகளுக்கு இது போதுமானதாக இருந்தது. ஹிரோஷிமாவை அழித்தவன், குற்ற உணர்வில் தூக்கம் தொலைத்துப் பைத்தியமானான் என்று கதை கட்டின. சில பத்திரிகைகள் குண்டு போட்டவரே அவர்தான் என்றும் எழுதின. குந்தர் ஆண்டர்ஸ் என்னும் தத்துவவாதி அவரோடு நடத்திய கடிதப் போக்குவரத்து 1961ல் புத்தகமாக வந்தது. 1964ல் வில்லியம் பிராட்ஃபோர்ட் ஹியூ என்னும் பத்திரிகையாளர், இந்தக் கதையில் பெரும்பகுதி கட்டியது என்று இன்னொரு புத்தகமே எழுதினார். ஈதர்லி உண்மையில் எவ்வளவு வருந்தினார் என்பதல்ல இங்கே விஷயம். அவர் வருந்தியிருக்கவும் கூடும். உலகத்துக்குத் தூங்காத ஒரு விமானி தேவைப்பட்டார், அதனால் ஒருவரைக் கண்டுபிடித்துக்கொண்டது என்பதுதான் விஷயம்.

குண்டு போட்ட விமானத்தை ஓட்டிய டிபெட்ஸ்? 2007ல் இறக்கும் வரை, தனக்கு வருத்தம் இல்லை, இரவில் நன்றாகத் தூங்குகிறேன் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மனநல மருத்துவர் ராபர்ட் ஜே லிஃப்டன் 1962ல் ஹிரோஷிமாவுக்குப் போய் உயிர் தப்பியவர்களிடம் பேசினார். அவர் மறுபடி மறுபடி கண்டது, மற்றவர்கள் சாகத் தாங்கள் மட்டும் பிழைத்துவிட்டோமே என்கிற குற்ற உணர்வு. தண்ணீர் கேட்டவனைத் தாண்டி ஓடினேனே என்கிற குற்ற உணர்வு. குண்டுக்குக் கீழே நின்றவர்களுக்குக் குற்ற உணர்வு, குண்டோடு மேலே பறந்தவருக்கு நல்ல தூக்கம். எந்தத் திரைக்கதையும் இந்த ஏற்பாட்டை ஒத்துக்கொள்ளாது!

இதைவிட மோசமான பக்கமும் ஒன்று இருக்கிறது. குற்றவாளிக்குத் தூக்கம் வராது என்பதை அப்படியே தலைகீழாகத் திருப்பினால் ஒரு கருவி கிடைக்கும். தூங்கவிடாதே, குற்றவாளி ஆகிவிடுவான். மாக்பெத் எழுதப்பட்டபோது அரியணையில் இருந்தவர் முதலாம் ஜேம்ஸ். அதே ஜேம்ஸ் ஸ்காட்லாந்து அரசராக இருந்தபோது, 1590ல் தொடங்கிய வடக்கு பெர்விக் சூனிய வழக்குகளில் தானே முன்னின்று விசாரித்தார். அதில் ஆக்னஸ் சாம்ப்சன் என்னும் மருத்துவச்சியைத் தூங்கவிடாமல் சித்திரவதை செய்து, அவர் வாயாலேயே தன்னைச் சூனியக்காரி என்று சொல்லவைத்தார்கள். 1591ல் கொன்றார்கள். மேடையில் தூக்கம் வராமல் ஒரு கற்பனைக் கொலைகாரன் துடித்தபோது, அந்த அரசரின் கணக்கில் தூக்கம் மறுக்கப்பட்ட ஒரு நிஜப் பெண் இருந்தாள்.

ஆர்தர் கோஸ்லரின் 'டார்க்னஸ் அட் நூன்' (1940) இந்தக் கருவியை உள்ளிருந்து காட்டுகிறது. மாஸ்கோ விசாரணைகளை மனதில் வைத்து எழுதிய நாவல். பழைய புரட்சிக்காரர் ருபஷோவைக் கிளெட்கின் என்னும் அதிகாரி கண்ணைக் குத்தும் விளக்கின் கீழ் உட்கார வைத்து, இரவும் பகலும் தூங்கவிடாமல் கேள்வி கேட்கிறான். அடிப்பதில்லை. கடைசியில் ருபஷோவ், செய்யாத சதிகளில் ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போடுகிறார். ருபஷோவ் குற்றமே செய்யாதவர் அல்ல. தன் செயலாளராகவும் காதலியாகவும் இருந்த அர்லோவாவைக் காப்பாற்ற வாய் திறக்காமல், தன்னைக் காத்துக்கொள்ள அவளைச் சாகவிட்டவர். அந்தக் குற்றம் குற்றப்பத்திரிகையில் இல்லவே இல்லை. யாரும் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. தூக்கமின்மையால் கிடைத்த வாக்குமூலம் எல்லாம் பொய், உண்மைக் குற்றத்துக்கு வழக்கே கிடையாது. தூக்கத்தையும் குற்றத்தையும் வைத்து எழுதுகிறவர்கள் இந்த ஒரு நாவலையாவது மேஜை மேல் வைத்துக்கொண்டு எழுதலாம்.

அல்லது செகாவை. 1888ல் அவர் எழுதிய சில பக்கக் கதை ஒன்று, தூக்கத்தைப் பற்றியது. வார்க்கா என்னும் பதின்மூன்று வயதுப் பெண். செருப்புத் தைப்பவர் வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை. இரவெல்லாம் தொட்டில் ஆட்ட வேண்டும். கண்ணயர்ந்தால் அடி. பகலில் அடுப்பு மூட்டு, காலணி துடை, படி கழுவு, உருளைக்கிழங்கு உரி, விருந்தாளி வந்தால் கடைக்கு ஓடு. இரவானால் மறுபடி தொட்டில். பச்சை விளக்கின் நிழல் கூரையில் ஆடுகிறது. பாதி மயக்கத்தில் செத்துப்போன அப்பா வந்து போகிறார். பக்கத்து அறையில் குறட்டை. தன்னை வாழவிடாத எதிரி யார் என்று அவளுக்குக் கடைசியில் விளங்கிவிடுகிறது, இந்தக் குழந்தைதான். கழுத்தை நெரிக்கிறாள். அப்பாடா, இனித் தூங்கலாம் என்று சிரித்துக்கொண்டே தரையில் படுக்கிறாள். ஒரு நிமிடத்தில் அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிடுகிறாள்.

செகாவ் அவளுக்குக் கெட்ட கனவு எதையும் கொடுக்கவில்லை. மனசாட்சி கண்ணாடியிலிருந்து இறங்கி வரவில்லை. கதை அங்கேயே முடிகிறது. விடிவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது, முதலாளியும் முதலாளியம்மாவும் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறார்கள்.